தீப்பொறிக்குக் கடினம் தெரியாது: ஒயர் கட், ஸ்பார்க் எரோஷன் கேள்வி – பதில்

மின் தீப்பொறியால் உலோகத்தை அரித்து எடுக்கும் ஸ்பார்க் வேலை பற்றி (ஓடும் மெல்லிய ஒயரால் வெட்டினால் அது ஒயர் கட்) டூல் ரூம்களிலிருந்தும் பாலிடெக்னிக்குகளிலிருந்தும் வந்த கேள்விகளில், பலருக்கும் பொதுவாக இருப்பவற்றை இங்கே எடுத்துக்கொண்டோம். எந்தக் கம்பெனி மெஷின் வாங்கலாம் என்ற கேள்விகளை விட்டுவிட்டோம்.

ஒயர், ஜாப்பை (வெட்டவேண்டிய உலோகத் துண்டை) தொடுவதே இல்லை என்கிறார்கள். தொடாமல் எப்படி வெட்டும்? எவ்வளவு கடினமான உலோகத்தையும் வெட்டிவிடுமா?
– பாலிடெக்னிக் மாணவர், சேலம்

தொட்டால்தான் வெட்டாது. தொட்டவுடன் ஷார்ட் ஆகி மெஷின் பின்வாங்கிவிடும். வெட்டும்போது ஒயருக்கும் ஜாப்புக்கும் நடுவில் 0.02 முதல் 0.04 மி.மீ. வரை இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் மின்சாரத்தை எளிதில் கடத்தாத திரவம் ஓடுகிறது. ஒயர் கட்டில் அது டீஅயனைஸ் செய்த தண்ணீர், எலக்ட்ரோட் இறக்கிக் குழி எடுக்கும் மெஷினில் எண்ணெய். மின்னழுத்தம் ஏறும்போது, இரண்டு பரப்புகளும் மிக நெருங்கியிருக்கும் ஒரு புள்ளியில் திரவத்தின் தடுப்பு உடைந்து தீப்பொறி பாய்கிறது. அந்தப் புள்ளியில் வெப்பம் 8,000 டிகிரிக்கு மேல் போகும். துளியளவு உலோகம் உருகுகிறது, கொஞ்சம் ஆவியாகிறது. மின்சாரம் நின்ற கணத்தில் உருகியது வெளியே தெறித்து, திரவத்தோடு போய்விடுகிறது. இது ஒரு நொடியில் பல ஆயிரம் முறை நடக்கிறது.

ஆகவே, தீப்பொறிக்கு எச்.ஆர்.சி. எண் (ராக்வெல் கடின அளவு) ஒரு பொருட்டே இல்லை. ஹார்டன் செய்யாமல் (சூடாக்கிக் கடினப்படுத்தாமல்) பச்சையாக இருக்கும் டி2 என்ற டூல் எஃகையும், 62 எச்.ஆர்.சி.க்கு ஹார்டன் செய்த டி2வையும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் வெட்டும். மிருதுவான செம்பு, ஹார்டன் செய்த எஃகைவிட மெதுவாகத்தான் வெட்டும். வெப்பத்தை உடனே உள்ளே இழுத்துக்கொள்வதுதான் காரணம். உருகுநிலை, வெப்பத்தைக் கடத்தும் தன்மை, மின்சாரத்தைக் கடத்தும் தன்மை ஆகியவைதான் இங்கே கணக்கு. கார்பைடு, டைட்டேனியம், இன்கோனல் எல்லாம் வெட்டலாம். வைரத் துகளைக் கோபால்ட்டோடு சேர்த்து அழுத்திச் செய்த பி.சி.டி.யையும், அந்தக் கோபால்ட் இருப்பதால், வெட்டலாம். கண்ணாடி, கிரானைட், அலுமினா செராமிக் ஆகியவற்றில் மின்சாரம் பாயாது. அங்கே இந்த வேலைக்கு இடமில்லை.

1943-இல் மாஸ்கோவில் லாசரென்கோ தம்பதியர், டங்ஸ்டன் காண்டாக்டுகள் தீப்பொறியால் தேய்வதைத் தடுக்க வழி தேடினார்கள். தேய்மானத்தைத் தடுக்க முடியவில்லை. ஆனால் எண்ணெய்க்குள் அது ஒரே சீராக நடப்பதைக் கவனித்து, தேய்மானத்தையே உலோகம் வெட்டும் முறையாக மாற்றிவிட்டார்கள்.

60 மி.மீ. தடிமன் டி2 பஞ்ச் (தகட்டை அடித்துத் துளைக்கும் பாகம்). 0.25 மி.மீ. பித்தளை ஒயர். ஒரு மணி நேரத்தில் நான்கைந்து முறை அறுந்துவிடுகிறது. கரண்ட்டைக் குறைத்தால் வேகம் போய்விடுகிறது. என்ன செய்யலாம்?
– டூல் ரூம் ஆபரேட்டர், அம்பத்தூர்

கரண்ட்டில் கை வைக்கும் முன் தண்ணீரைப் பாருங்கள். ஒயர் அறுவதற்குப் பெரும்பாலும் காரணம், வெட்டிய துகள் வெளியே போகாமல் ஒரே இடத்தில் ஸ்பார்க் குவிவதுதான். அந்த இடத்தில் ஒயர் மெலிந்து, டென்ஷனைத் தாங்காமல் போகிறது. 0.25 கடினப் பித்தளை ஒயர் சுமார் 4.5 கிலோ வரை தாங்கும். மெஷினில் நாம் கொடுப்பது ஏறத்தாழ 1 முதல் 1.5 கிலோ. ஆகவே நல்ல ஒயர் டென்ஷனால் மட்டும் அறுவது அரிது.

முதலில் எந்த இடத்தில் அறுகிறது என்று பாருங்கள். அறுந்த நுனியை எடுத்து லென்ஸில் வைத்துப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். ஜாப்பின் நடு உயரத்தில், நுனி கருகிக் குழிகுழியாக இருந்தால், தண்ணீர் உள்ளே போகவில்லை. தண்ணீரைப் பாய்ச்சும் மேல், கீழ் நாசில்கள் ஜாப்பிலிருந்து 0.1 மி.மீ. அளவில் நெருங்கி நிற்கவேண்டும். கிளாம்ப் இடிக்கிறது என்று மேல் நாசிலை 5 மி.மீ. தூக்கிவைத்தால், அழுத்தம் முழுக்க வெளியே சிதறிவிடும். படிப்படியான ஜாப்பாக இருந்து நாசிலை நெருக்க வழியே இல்லை என்றால், அப்போது மட்டும் பவரைக் குறைப்பதுதான் வழி.

ஜாப்புக்கு வெளியே, ஒயரை நேராகப் பிடிக்கும் மேல் கைடுக்குப் பக்கத்தில் அறுந்தால், கரண்ட் கொடுக்கும் கார்பைடு காண்டாக்ட்டைக் கழற்றிப் பாருங்கள். ஒயர் ஓடி ஓடிப் பள்ளம் விழுந்திருக்கும். கொஞ்சம் நகர்த்தி அல்லது திருப்பிப் புது இடத்தை வையுங்கள். எல்லா இடமும் தீர்ந்திருந்தால் மாற்றுங்கள். இதைத் தள்ளிப்போட்டு, ஒயர் மட்டமென்று ஸ்பூலை மாற்றிக்கொண்டிருக்கும் டூல் ரூம்கள் பல.

விளிம்பிலிருந்து உள்ளே நுழையும்போது மட்டும் அறுந்தால் அது வேறு. அங்கே ஒரு பக்கம் திறந்திருப்பதால் தண்ணீர் பக்கவாட்டில் தெறித்துவிடும். முதல் 3 முதல் 5 மி.மீ. வரை குறைந்த பவரில் போய், ஒயர் முழுவதும் உள்ளே மறைந்தபிறகு ஏற்றுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் அறுகிறதென்றால் ஆஃப் டைமைக் கூட்டுங்கள். ஆன் டைமைத் தொடுவது அதற்கு அடுத்தபடி. இரண்டு ஸ்பார்க்குகளுக்கு நடுவே கிடைக்கும் ஓய்வில்தான் துகள் வெளியேறுகிறது. தண்ணீரின் கடத்தும் திறனையும் பாருங்கள். எஃகுக்கு 5 முதல் 20 மைக்ரோசீமன்ஸ் வரை பரவாயில்லை. தண்ணீரை டீஅயனைஸ் செய்யும் ரெசின் தீர்ந்து அது ஏறிக்கொண்டே போனால், ஸ்பார்க்காகப் பாயவேண்டிய கரண்ட் தண்ணீர் வழியே கசிந்துவிடும். பேப்பர் ஃபில்டரின் அழுத்தமானி காட்டும் எண்ணையும் தினமும் குறித்துவையுங்கள்.

டையை (பஞ்ச் இறங்கும் துளையுள்ள பிளாக்கை) ஒயர் கட் செய்து எடுத்தபிறகு அளவு மாறிவிடுகிறது. ஒரு பிளாக் வெட்டிக்கொண்டிருக்கும்போதே சத்தத்தோடு விரிசல் விட்டது. மெஷின் புரோகிராம் சரியாகத்தான் இருக்கிறது. குறை எங்கே?
– டை மேக்கர், கோயம்புத்தூர்

குறை பெரும்பாலும் ஹீட் ட்ரீட்மென்டில் இருக்கிறது. ஹார்டன் செய்த பிளாக் உள்ளே இழுவிசைகளோடு இருக்கும். வெளியே இழுப்பதும் உள்ளே அமுக்குவதும் சமமாக இருக்கும்வரை அது நேராக உட்கார்ந்திருக்கும். நடுவில் பெரிய துண்டை வெட்டி எடுத்தவுடன் அந்தச் சமநிலை போய், பிளாக் திறக்கும் அல்லது மூடும். இழுப்பு மிக அதிகமாக இருந்தால் வெடிக்கும்.

டி2வை 180–200 டிகிரியில் ஒருமுறை டெம்பர் செய்து (மறுபடி சூடாக்கித் தளர்த்தி) 61–62 எச்.ஆர்.சி. கேட்பது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. ஒயர் கட்டுக்குப் போகும் பிளாக்குக்கு அது தவறான தேர்வு. ஹார்டனிங் வெப்பநிலையைச் சற்று உயர்த்தி, 500–520 டிகிரியில் இரண்டு, முடிந்தால் மூன்று முறை டெம்பர் செய்யச் சொல்லுங்கள். 58–60 எச்.ஆர்.சி. கிடைக்கும். இரண்டு புள்ளி கடினம் குறைந்தாலும், உள்ளே இருக்கும் இழுவிசை பெரிதும் தளர்ந்துவிடும். ஹீட் ட்ரீட்மென்ட்காரரிடம் அனுப்பும்போது எச்.ஆர்.சி. மட்டும் எழுதாமல், ‘ஒயர் கட் ஜாப், உயர் டெம்பர், இரண்டு முறை’ என்று சலானிலேயே எழுதிவிடுவது நல்லது.

அடுத்து, ஹார்டனிங்குக்கு முன்பே பெரிய ஓட்டைகளை மில்லிங்கில் ரஃபாக எடுத்துவிடுங்கள். சுற்றிலும் 3 முதல் 5 மி.மீ. விட்டால் போதும். ஒயருக்கு எடுக்க மிச்சம் இருக்கும் உலோகம் குறைந்தால், அசைவும் குறையும். உள் மூலைகளைக் கூராக விடாதீர்கள். குவென்ச் செய்யும்போது (சூட்டிலிருந்து சட்டென்று குளிர்விக்கும்போது) விரிசல் தொடங்குவது அங்கேதான். ஒயரைக் கோக்கும் ஸ்டார்ட் ஹோலையும் இப்போதே 3 மி.மீ. டிரில்லில் போட்டுவிடலாம். மறந்துவிட்டால் ஹோல் டிரில் ஸ்பார்க் மெஷினில் பித்தளைக் குழாயை வைத்துப் போடவேண்டிவரும்.

பஞ்ச் வெட்டும்போது பிளாக்கின் வெளிவிளிம்பிலிருந்து உள்ளே நுழையும் பழக்கம் பலருக்கு உண்டு. ஸ்டார்ட் ஹோல் போடும் வேலை மிச்சம் என்று செய்கிறார்கள். விளிம்பை அறுத்தவுடன் பிளாக் வாய் திறக்கும்; பஞ்ச் கோணலாக வரும். உள்ளே ஹோல் போட்டு, சுற்றி முழுச் சட்டம் இருக்கும்படி வெட்டுங்கள். சட்டத்தின் அகலம் குறைந்தது 10–15 மி.மீ. இருக்கட்டும். பெரிய ஜாப்புக்கு அதற்கும் மேல்.

அளவு 0.01 மி.மீ.க்குள் வேண்டுமென்றால் ஒரே மூச்சில் முடிக்காதீர்கள். முதலில் 0.3–0.5 மி.மீ. கூடுதலாக விட்டு ரஃப் வெட்டு. பல கேவிட்டி இருந்தால் எல்லாவற்றையும் ரஃப் செய்துவிடுங்கள். கிளாம்ப்பைத் தளர்த்தி பிளாக்கை அதன் போக்கில் அசையவிட்டு, மறுபடி டயல் வைத்துப் பிடியுங்கள். பிறகு சரியான அளவுக்கு ஒரு வெட்டு, அதன்மேல் இரண்டு அல்லது மூன்று ஸ்கிம் (மேற்பரப்பை மெல்லியதாகச் சீவும் வெட்டு). பஞ்சில் 3–5 மி.மீ. பாலம் (வெட்டாத இணைப்பு) விட்டு, மற்ற பக்கங்களின் ஸ்கிம் முடிந்த பிறகு கடைசியாக அதை வெட்டுங்கள். பாலம் முடிய ஒரு மி.மீ. இருக்கும்போது நிறுத்தி, துண்டைப் பிடித்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். துண்டு சாய்ந்தால் ஒயரும் போகும், கீழ் நாசிலும் போகும்.

வெயில் காலத்தில் இன்னொன்றும் சேரும். 300 மி.மீ. எஃகு, 5 டிகிரி சூட்டுக்கு ஏறத்தாழ 0.018 மி.மீ. நீளும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷினை நிறுத்திவிட்டு நீண்ட பிளாக்கை வெட்டி, ஏ.சி. அறையில் அளந்தால் மாறாமல் என்ன செய்யும்?

மோட்டார் ஸ்டாம்பிங் டைக்கு கார்பைடு வெட்டுகிறோம். அளவு சரியாக வருகிறது. ஆனால் பிரஸ்ஸில் போட்டால் விளிம்பு சீக்கிரம் உதிர்கிறது. கார்பைடு மட்டமா?
– கோயம்புத்தூர்

கார்பைடு மட்டமாக இருக்கலாம். ஆனால் முதலில் சந்தேகப்படவேண்டியது தண்ணீரை. டங்ஸ்டன் கார்பைடு மணிகளைப் பிணைத்து வைத்திருப்பது கோபால்ட். தண்ணீருக்குள் ஒரே திசையில் கரண்ட் பாயும்போது மின்பகுப்பு நடந்து, மேற்பரப்பில் உள்ள கோபால்ட் கரைந்து போகிறது. அளவு அப்படியே இருக்கும். மணிகள் மட்டும் பிடிப்பில்லாமல் நிற்கும். அரை மி.மீ. சிலிக்கான் ஸ்டீலை அடிக்கும்போது அவை உதிர்கின்றன.

மெஷினில் ஏ.சி. பல்ஸ் அல்லது மின்பகுப்புத் தடுப்பு வசதி இருந்தால் கார்பைடுக்கு அதைத்தான் பயன்படுத்தவேண்டும். தண்ணீரை எஃகுக்கு வைப்பதைவிடக் கீழே, 5 மைக்ரோசீமன்ஸுக்குள் வையுங்கள். ரஃப் வெட்டோடு நிறுத்தாமல் மூன்று, நான்கு ஸ்கிம் போட்டுக் கெட்டுப்போன படலத்தை எடுத்துவிடுங்கள். வெட்டி முடிந்த ஜாப்பை ராத்திரி முழுக்கத் தொட்டியிலேயே ஊறவிடுவது இந்த வேலையில் பெரிய குற்றம். வேகம் எஃகில் வருவதில் பாதிகூட வராது. கொட்டேஷன் கொடுக்கும்போதே அதைக் கணக்கில் வையுங்கள்.

விலை உயர்ந்த ஜாப்பில் எம்8 டேப் (த்ரெட் வெட்டும் கருவி) உடைந்து உள்ளே நின்றுவிட்டது. ஸ்பார்க்கில் எடுக்கலாம் என்கிறார்கள். த்ரெட் கெடாமல் எடுப்பது எப்படி?
– திருச்சி

டேப் முழுவதையும் எரிக்கவேண்டாம். நடுத்தண்டை மட்டும் எரித்தால், பற்கள் தனித்தனித் துண்டாக விழுந்துவிடும். எம்8-க்கு டிரில் அளவு 6.8 மி.மீ. நடுத்தண்டின் விட்டம் ஏறக்குறைய 3 முதல் 3.5 மி.மீ. ஆகவே 4.5 அல்லது 5 மி.மீ. பித்தளை அல்லது செம்புக் குழாய் போதும். ஸ்பார்க் இடைவெளியையும் சேர்த்து 5.4 மி.மீ.க்குள் நிற்கும், த்ரெட்டைத் தொடாது. குழாயின் நடு வழியே திரவத்தை அழுத்தி விடுங்கள். குழாயாக இருப்பதால் நடுவில் ஒரு குச்சி எரியாமல் நிற்கும். பயப்படவேண்டாம், பிறகு உடைந்து வந்துவிடும்.

கவனமெல்லாம் சென்டரில்தான். டேப் சாய்ந்து உடைந்திருந்தால் ஓட்டையின் வாயை நம்பி சென்டர் எடுங்கள், டேப்பின் முகத்தை நம்பாதீர்கள். ஜாப் அலுமினியமாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். எலக்ட்ரோட் ஒதுங்கினால், டேப்பை விட்டுவிட்டு அலுமினியத்தை வேகமாகத் தின்றுவிடும். எரித்து முடித்ததும் பற்களை ஊசியால் உள்பக்கம் சாய்த்து, காந்தக் குச்சியால் எடுங்கள். அதே ஓட்டையில் புது டேப்பை விடும்முன் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். ஒரு துணுக்கு நின்றுபோனாலும் அடுத்த டேப்பும் உடையும்.

மோல்டு எலக்ட்ரோடுக்குச் செம்பா, கிராஃபைட்டா? எவ்வளவு அண்டர்சைஸ் (குழியைவிடக் குறைத்து) வைக்கவேண்டும்?
– ஓசூர்

பெரிய குழி, மெல்லிய ஆழமான ரிப், அதிக கரண்ட் என்றால் கிராஃபைட். செம்பு 1,085 டிகிரியில் உருகிவிடும். கிராஃபைட் உருகாமல் 3,600 டிகிரிக்கு அருகில்தான் ஆவியாகும். எடையும் குறைவு: 100 மி.மீ. கனசதுரம் செம்பில் 9 கிலோ, கிராஃபைட்டில் 1.8 கிலோ. பர்ரும் (விளிம்புப் பிசிறும்) வராது. ஆனால் அதன் தூள் மின்சாரத்தைக் கடத்தும். உறிஞ்சும் வசதி இல்லாத சாதாரண வி.எம்.சி.யில் (சி.என்.சி. மில்லிங் மெஷினில்) கிராஃபைட் ஓட்டினால், தூள் எலக்ட்ரானிக் கார்டுகளுக்குள் போய்விடும். உறிஞ்சும் வசதி இல்லையென்றால் செம்போடு இருங்கள். கண்ணாடிபோன்ற ஃபினிஷுக்கும் செம்புதான் நல்லது.

ரஃபிங்கில் எலக்ட்ரோட் முகப்பரப்பின் ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் 10 ஆம்பியர் என்று தொடங்குங்கள். 2 சதுர செ.மீ. முகத்துக்கு 20 ஆம்பியர். அதற்கு மேல் ஏற்றினால் வேகம் கூடுவதுபோல் தெரியும். எலக்ட்ரோட் மூலைதான் கரையும். அண்டர்சைஸ் ரஃபுக்கு ஒரு பக்கம் 0.25–0.30, ஃபினிஷுக்கு 0.07–0.10. 20 மி.மீ. குழிக்கு ஃபினிஷ் எலக்ட்ரோட் 19.84 என்று வைத்தால் ஒரு பக்கம் 0.08. எலக்ட்ரோடைச் சிறு வட்டமாக நகர்த்தும் ஆர்பிட் இல்லாத பழைய மெஷினில் இந்தக் கணக்கு செல்லாது. அதில் ஃபினிஷ் இடைவெளி எவ்வளவோ அவ்வளவுதான் அண்டர்சைஸ். அதை ஒரு துண்டில் எரித்து, அளந்து தெரிந்துகொள்ளுங்கள்.

குழியில் கருப்பாக ஒரு புள்ளி வளர்ந்துகொண்டே போனால் அது ஆர்க், அதாவது ஒரே இடத்தில் நின்று எரியும் தீப்பொறி. மெஷினை நிறுத்தி எலக்ட்ரோடைத் தூக்கி, இரண்டு பக்கமும் கார்பன் கட்டியைச் சுரண்டி எடுத்தபிறகுதான் மறுபடி ஓட்டவேண்டும். அப்படியே தொடர்ந்தால் அந்த இடத்தில் ஸ்டீல் ஆழமாகத் தோண்டப்படும், பாலிஷில் போகாது.

ஸ்பார்க் ஆயிலுக்குப் பதில் மண்ணெண்ணெய் போடலாமா? பழைய ஆபரேட்டர்கள் அதில்தானே ஓட்டினார்கள்?
– திருமுடிவாக்கம்

ஓட்டினார்கள், தீப்பிடித்த பட்டறைகளும் இருந்தன. மண்ணெண்ணெய் 35–40 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். நம் கோடையில் தொட்டி அந்தச் சூட்டுக்கு வருவது சாதாரணம். நல்ல ஸ்பார்க் ஆயிலுக்கு அந்த அளவு 100 டிகிரிக்கு மேல். போடாதீர்கள்.

எந்த எண்ணெயானாலும் ஸ்பார்க் நடக்கும் இடத்துக்கு மேல் குறைந்தது 50 மி.மீ. எண்ணெய் நிற்கவேண்டும். எண்ணெய் மட்டம் குறைந்தால் மெஷினை நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்ச் தொல்லை தருகிறது என்று கம்பி கட்டி வைத்துவிட்டு டீ குடிக்கப் போவதுதான் விபத்துக்குக் காரணம். எலக்ட்ரோடின் அடியில் குடைவு இருந்தால், அதில் ஹைட்ரஜன் முதலிய வாயுக்கள் தங்கி, டப்பென்று வெடித்து எலக்ட்ரோடையே நகர்த்திவிடும். குடைவின் உச்சியில் 1–2 மி.மீ. ஓட்டை போட்டு வாயுவுக்கு வழி விடுங்கள். பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு அணைப்பான் இருக்கட்டும். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. கைக்கு நைட்ரைல் உறை போடுங்கள்; இந்த எண்ணெயில் தினமும் கை வைத்தால் தோல் வெடிக்கும்.

மாலிப்டினம் ஒயர் மெஷின் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– ஜாப் ஒர்க் செய்பவர், ஈரோடு

என்ன வேலை வருகிறது என்பதைப் பொறுத்தது. 0.18 மி.மீ. ஒயர் டிரம்மில் சுற்றி, நொடிக்கு 8–10 மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் ஓடும். அதே ஒயர் பல நாள் வருவதால் செலவு மிகக் குறைவு. துல்லியம் 0.01–0.02 மி.மீ.; திசை மாறும் இடங்களில் கோடு தெரியும். ஒயர் தேய்ந்து 0.16 ஆகிவிட்டால் ஆஃப்செட்டை (புரோகிராம் கோட்டிலிருந்து ஒயர் தள்ளி ஓடும் தூரத்தை) ஒரு பக்கம் 0.01 குறைக்க மறக்கக்கூடாது. ஒரு மி.மீ. தகட்டுக்கு பஞ்சுக்கும் டைக்கும் நடுவே 0.05 கிளியரன்ஸ் வைக்கும் சாதாரண பிளாங்கிங் டைக்குத் தாராளமாகப் போதும். பல நிலைகளில் அடிக்கும் புரோகிரசிவ் டை, கார்பைடு என்றால் வேண்டாம்.

பித்தளை ஒயரில் ஒரு ஜாப்புக்கு எவ்வளவு ஒயர் ஆகும் என்று முன்கூட்டியே கணக்கிடுவது எப்படி?
– ஈரோட்டிலிருந்தே இன்னொருவர்

தடிமனை வெட்டும் நீளத்தால் பெருக்குங்கள். 50 மி.மீ. தடிமன், 240 மி.மீ. சுற்றளவு என்றால் 12,000 சதுர மி.மீ. உங்கள் மெஷின் நிமிடத்துக்கு 120 சதுர மி.மீ. வெட்டினால் ரஃப் வெட்டுக்கு 100 நிமிடம். ஒயர் நிமிடத்துக்கு 8 மீட்டர் ஓடினால் 800 மீட்டர். 0.25 பித்தளை ஒயர் மீட்டருக்கு 0.417 கிராம், ஆக 334 கிராம். 5 கிலோ ஸ்பூலில் 12 கி.மீ. இருக்கும், அதாவது 25 மணி நேர ஓட்டம். ஸ்கிம் போடும் நேரமும் ஒயர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மூன்று ஸ்கிம் போட்டால் மொத்த நேரம் ரஃபைப்போல் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொண்டு விலை சொல்லுங்கள்.

வெட்டி எடுத்த பஞ்சில் மஞ்சளாக ஏதோ படிந்திருக்கிறது. துருவா?
– அம்பத்தூர்

துரு இல்லை. ஒயரிலிருந்து உருகி ஒட்டிக்கொண்ட பித்தளை. ரஃப் வெட்டில் அதிகமாகத் தெரியும். ஸ்கிம் போட்ட பரப்பில் பெரும்பாலும் போய்விடும். மிச்சம் இருந்தால் நுண்ணிய கண்ணாடி மணி பிளாஸ்டிங்கில் எடுக்கலாம். டி.ஐ.என். (டைட்டேனியம் நைட்ரைடு) கோட்டிங் போகும் பஞ்சாக இருந்தால் இதை எடுக்காமல் அனுப்பாதீர்கள். பித்தளை இருக்கும் இடத்தில் கோட்டிங் பிடிக்காமல் உரியும்.